பாறைக்குழிக்கு வெள்ளைக்கோடு போட்ட கதை

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி முதல் காரியமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். குப்பை நாற்றம் தாங்காமல் அல்ல. பிளீச்சிங் பவுடர் நெடி தாங்காமல்.

தார்ரோட்டிலிருந்து பாறைக்குழி வரைக்கும் வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெள்ளைக்கோடு. தடத்தில் புது கிராவல் மண். புழுதி அடங்கத் தண்ணீர் வேறு தெளித்திருந்தோம். குழியின் கரையில் பொறுக்கிப் போடுவதற்கு ஒரு காகிதத் துண்டு கிடையாது. பந்தல்காரரிடம் வாங்கி வந்த சிவப்பு நாற்காலியும், சீவித் தயாராக வைத்த இரண்டு இளநீரும் அவருக்காகக் காத்திருந்தன.

அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ராத்திரி பகல் பாக்காம இங்க குப்பை கொட்டுறாங்கன்னு ஆறு மனு எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க சார்."

"குப்பை எங்கம்மா?"

எங்கள் ஊராட்சித் தலைவர் நடராஜண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் வெள்ளைக்கோட்டைப் பார்த்தேன்.

வெள்ளைக்கோடு என்னும் வியாதி

போன வாரம் தெருவிளக்கு விவகாரத்தைப் படித்துவிட்டுச் சிலர், "செயலர் அம்மா தோற்ற கதையே கிடையாதா?" என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது. இதுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஊராட்சிச் செயலராக இருந்தவள் நான். ஊராட்சி வேலையில் சேர்ந்த எவருக்கும் முதலில் தொற்றிக்கொள்ளும் வியாதி இந்த வெள்ளைக்கோடு. மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்று போன் வந்தால் போதும், எதற்கு வருகிறார்கள் என்று கேட்கமாட்டோம். கூட்டு, மண் கொட்டு, பிளீச்சிங் பவுடர் போடு. கை தானாக அந்த வேலையைச் செய்யும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் சொல்லி, மழையில் நனைந்துகொண்டே கோடு போட்டோம். போடப் போட மழை கரைத்தது. கரையக் கரையப் போட்டோம். கடைசியில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கு அடித்த நெடி இரண்டு நாள் என் புடவையை விட்டுப் போகவில்லை.

ஆக, "வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள்" என்று போன் வந்ததும், நான் யோசிக்காமல் சொன்னேன், "பாறைக்குழியச் சுத்தம் பண்ணிப்போடுங்க" என்று. நடராஜண்ணன் தன் டிராக்டரையே கொடுத்தார். கரையில் கிடந்த புதுக் குப்பை அத்தனையையும் ஏற்றிக் கொண்டுபோய், ஊராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில் இறக்கினார்கள். குழிக்குள் கிடந்த பழைய குப்பை மேல் மண்ணைத் தள்ளி மூடினார்கள். அதிகாரி குப்பையைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

குழி வந்த வழி

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் ரோட்டுக்கு ஜல்லி வேண்டும் என்று பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். கல் தீர்ந்ததும் கம்பி வேலியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழி மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

குழி ஒன்று திறந்து கிடந்தால் அதற்கு உறவுக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்துவிடுவார்கள். முதலில் கோழிக்கடைக் கழிவு வந்தது. அப்புறம் இடித்த வீட்டுச் சிமெண்டுக் கட்டி. அப்புறம் மூட்டை மூட்டையாக எது என்று சொல்ல முடியாத பொருள்கள். விடிவதற்கு முன்னால் வண்டி வரும். விடிந்தால் நாய்கள் வரும்.

குழியை ஒட்டிப் பாறைக்காட்டுக் குடியிருப்பு. தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பங்கள் அவை. இப்போது அங்கே டிரைவர் இருக்கிறார், நர்ஸ் படித்த பெண் இருக்கிறாள், மில்லில் சூப்பர்வைசர் இருக்கிறார். எத்தனை முன்னேறி என்ன, அந்தக் குடியிருப்புக்கு இருந்தது ஒரே ஒரு போர்வெல். அந்த போரில் வந்த தண்ணீர் முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு முட்டை அழுகிய வாடையோடு வந்தது. கடைசியில் குடிக்கக் கூடாது என்று நானே மோட்டார் ரூம் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன். அன்றிலிருந்து அவர்களுக்கு லாரித் தண்ணீர்தான்.

என் அப்பாவும் உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர்தான். தண்ணீருக்கு இன்னொருவர் வாசலில் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டீ குடித்துவிட்டுப் போன திருடர்கள்

நாங்கள் சும்மா இருக்கவில்லை. தடத்தில் வேலமுள் வெட்டிப் போட்டோம். முள்ளை இழுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கொட்டினார்கள். "இங்கு குப்பை கொட்டாதீர்" என்று போர்டு வைத்தோம். போர்டைச் சுற்றியே கொட்டினார்கள். சாமி படம் வைத்தோம், கும்பிட்டுவிட்டுக் கொட்டினார்கள்.

ஒருமுறை நடராஜண்ணனே ஒரு பிக்கப் வண்டியை மடக்கிவிட்டார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது.

"ஏனுங்க, இப்பிடிக் கொட்டலாமுங்களா? புள்ள குட்டி குடிக்கிற தண்ணியில்லீங்களா?"

"தப்புத்தானுங்க. இனிமேலு கொட்டமாட்டனுங்க."

"செரி, உட்டுப்போட்டேன். வெடியால இருந்து ஒண்ணுமே சாப்பிட்டிருக்கமாட்டீங்க. வாங்க, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் டீயும் பன்னும் முடித்துக் கிளம்பிவிட்டார். வண்டி நம்பர் குறித்தீர்களா என்று கேட்டேன். "டீ குடிக்கிற மனுசங்கிட்ட எப்பிடிம்மா நம்பரக் கேக்கிறது?" என்றார் தலைவர். அவரை என்ன செய்வது?

இப்படியெல்லாம் ஆகாது என்றுதான் மனுமேல் மனு போட்டேன். ஊராட்சியிடம் இருக்கும் விளக்குமாறும் பேட்டரி வண்டியும் இந்த வேலைக்குப் போதாது. அரசாங்கம் கை கொடுத்தால் குழியைத் தூர்வார இயந்திரம் வரும், சுற்றி வேலி வரும், தடத்தின் இரு முனையிலும் கேமரா வரும், போலீசும் போக்குவரத்துத் துறையும் வண்டியைப் பிடித்து வைக்கும். குடியிருப்புக்குப் புது போரும் அதே ஃபைலில் இருந்தது. எல்லாம் ஒரு ஆய்வு அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் கொட்டுகிறார்கள், வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அதோடு, ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போட்டு வைத்திருந்தோம். பிடிபடும் குப்பை யார் வீட்டுடையதோ அவருக்கும் அபராதம், ஏற்றி வந்தவருக்கும் அபராதம், இருவர் பெயரும் அலுவலக வாசல் போர்டில். நான் எழுதிய தீர்மானம். கைதட்டலோடு நிறைவேறியது.

மூன்று மணி வரைக்கும்

"நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "இப்ப எழுதினா, இடம் சுத்தமா இருக்கு, பழைய குப்பை மண் மூடிக் கெடக்குன்னுதான் எழுதணும். அப்படி எழுதினா ஃபைல் மூடிரும்."

"சார், அள்ளின குப்பை கொட்டகையில அப்பிடியேதான் இருக்குதுங்க."

"கொட்டகையில உங்க ஊர்க் குப்பையும் இருக்கும்ல? எது வெளிய இருந்து வந்ததுன்னு எப்படிச் சொல்வீங்க? எங்கேருந்து வந்துச்சு, எந்த வண்டியில வந்துச்சுன்னு ஏதாவது கையில குடுங்க. மூணு மணிக்கு இதே வழியாத்தான் திரும்புவேன்."

இளநீரைக் கூடக் குடிக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

கொட்டகையில் எங்கள் தூய்மைக் காவலர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பொன்னாத்தா அக்கா. பாறைக்காட்டுக் குடியிருப்பில் முதல் வீடு அவருடையது. மோட்டார் ரூமுக்கு நேர் எதிர். லாரித் தண்ணீர் வருகிற நாளில் வேலைக்குத் தாமதமாக வருவார். நான் கேட்கமாட்டேன்.

நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தோம். ஒரு பில், ஒரு கவர், ஒரு விலாசம், ஏதாவது ஒன்று. கோழி இறகில் விலாசம் இருக்காது. சிமெண்டுக் கட்டியில் இருக்காது. கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டைகளில்தான் நம்பிக்கை வைத்தோம். அவிழ்த்தால் அழுகிய வாழை இலை, ஐஸ்கிரீம் கப், மேஜைமேல் விரிக்கும் காகிதம். புளித்த சாம்பாரும் வாடிய ரோஜா மாலையும் சேர்ந்து அடித்த வாடைக்குப் புடவைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

"ஏதோ கல்யாண மண்டபத்து மூட்டைங்க" என்றாள் ஒருத்தி.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப கட்டாயம் பேரு இருக்கும். தேடுங்க, விடாதீங்க."

மணி இரண்டைத் தாண்டியிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த பொன்னாத்தா அக்காவின் கை சட்டென்று நின்றது. எதையோ சுருட்டி, சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைக் கோட்டின் பைக்குள் வைத்தார். மஞ்சளாக ஒரு ஓரம் தெரிந்தது.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. பழந்துணி."

"குடுங்க, பாப்போம்."

"வேண்டாமுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்து போய்க் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

தேங்காய்ப் பை. கல்யாணத்தில் சாப்பிட்டுப் போகிறவர்களுக்குத் தேங்காய் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் துணிப்பை. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் எங்கள் பக்கத்தில் தேங்காய்ப் பை கொடுக்காமல் ஒரு கல்யாணம் முடியாது. பையில் எண்ணெய் ஊறியிருந்தது. எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது.

மணமக்கள்: ஜெனிஃபர், ஆல்பர்ட்.

ஜெனிஃபர் என் மகள். பத்து நாளைக்கு முன்னால்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

எல்லாருக்கும் பாடம் எடுத்தவள்

மண்டபம் பேசப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேனேஜர் சமையலறை காட்டினார், ஏசி காட்டினார். "குப்பையப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாமுங்க, எங்களுக்குத் தனி வண்டி இருக்குதுங்க" என்றார். நல்லது என்றேன். அந்த வண்டி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

வீடு வீடாகப் போய், மக்கும் குப்பை எது மக்காத குப்பை எது என்று வகுப்பு எடுத்தவள். கீரைத் தண்டோடு ஷாம்பு கவரைப் போட்டதற்காக ஒரு ரிட்டயர்டு வாத்தியாரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். என் வீட்டு விசேஷத்தின் எச்சில் இலை, நான் நோட்டீஸ் ஒட்டிய அதே போருக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது இரண்டும் சுட்டன. கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னாத்தா அக்கா என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாமல் பேசினார்.

"ஜெனிப்பாப்பா பேரு போர்டுல வரலாமுங்களா? புதுச் சம்மந்தி ஊட்ல என்ன நெனைப்பாங்க? ஒறம்பரை சனமெல்லாம் சிரிக்குமுங்க. இத நானும் பாக்குல, நீங்களும் பாக்குல. வேற மூட்டையில வேற எதாச்சும் கெடைக்குமுங்க."

"கெடைக்கலீன்னா?"

"கெடைக்கலீன்னா போச்சாதுங்க. இத்தன நாளு லாரித் தண்ணி புடிச்சோம். இன்னுங் கொஞ்ச நாளு புடிச்சுட்டுப் போறோம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. அந்த ஃபைல் மூடினால் தண்ணீர் இல்லாமல் போவது அவர் வீட்டுக்கு. என் மகள் பேர் கெடக்கூடாது என்று தன் வீட்டுத் தண்ணீரையே விட்டுக்கொடுக்க முன்வந்தார் அந்த மனுஷி. விட்டுக்கொடுத்தால் நானும் வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தார் பாருங்கள், அதில்தான் எனக்கு அழுகை வந்தது.

மீதி இருந்த மூட்டைகளையும் அவிழ்த்தோம். வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டது.

கையெழுத்து

அதிகாரி பையை விரித்துப் படித்தார். "யாரும்மா இந்த ஜெனிஃபர்?"

"என் மகளுங்க சார்."

அவர் தலையைத் தூக்கினார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். எந்த மண்டபம், என்ன கிழமை, எத்தனை மணிக்குப் பந்தி முடிந்தது, மண்டபத்தின் பின்வாசலில் என்ன நிற வண்டி நின்றது. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குத் தெரியாத விவரம் உண்டா? ஊராட்சி கொடுத்த ஆறு மனுக்களிலும் இல்லாத சாட்சி அது.

"இதையெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா? உங்க தீர்மானப்படி உங்களுக்கும் அபராதம் வரும். போர்டுல பேர் வரும். ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தாலும் வரும்."

"அந்தத் தீர்மானத்த எழுதினதே நாந்தானுங்க சார்."

அங்கேயே, அந்தக் கூடைமேல் உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. மண்டபத்து வண்டியைப் பிடித்தார்கள்; அந்த டிரைவர் தனக்குத் தெரிந்த மற்ற வண்டிகளையும் சொல்லிவிட்டார். நடராஜண்ணன் ஸ்டேஷனுக்குப் போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்து, "நா டீ வாங்கிக் குடுத்த ஆளு தானுங்கம்மா அது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மாவட்டத்திலிருந்து பணம் வந்தது, இயந்திரம் வந்தது. லாரி லாரியாக அள்ளி, பிரித்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினோம். வேலி நின்றது. கேமரா கண் திறந்தது. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் வந்து எங்கள் தீர்மானத்தை நகல் எடுத்துப் போனார்கள்.

போர்டில் முதல் பெயர் என்னுடையது. நானே சாக்பீஸ் எடுத்து எழுதினேன். இரண்டு நாள் ஊர் சிரித்தது. எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது, நடந்ததை நடந்தபடி பதில் எழுதினேன். மூன்றாம் நாள் சம்மந்தியம்மா போன் பண்ணினார்.

"ஏனுங்க சம்மந்தி, பையில ரெண்டு பேரு இருக்குதில்லீங்களா? போர்டுல உங்க பேரு மட்டும் எழுதியிருக்குதாமா. எங்க ஊட்டு ஒறம்பரையும் தானுங்க சாப்பிட்டாங்க? எங்க பேரையும் எழுதிப்போடுங்க" என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு ஊரில் எவனும் சிரிக்கவில்லை. கல்யாணம் வைக்கிறவர்கள் மண்டபத்தில் முதலில் கேட்கிற கேள்வியும் மாறிவிட்டது.

ஒரு சொம்பு

புது போர் மேட்டுப் பக்கம் தள்ளி, பழையதைவிட ஆழமாகப் போட்டு, அதே குழாயில் இணைத்தார்கள். முதல் பரிசோதனையில் தேறவில்லை. இரண்டாவதிலும் தேறவில்லை. ஒரு நல்ல மழைக்காலம் போன பிறகு எடுத்த மாதிரிக்குத்தான், குடிக்கலாம் என்று சீட்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே பாறைக்காட்டுக்குப் போனேன்.

குழாயடியில் குடியிருப்பே கூடியிருந்தது. சீட்டைச் சத்தமாக வாசித்தேன். மோட்டார் ரூம் கதவில் இருந்த நோட்டீஸை நானே கிழித்தேன். இனிமேல் தைரியமாகக் குடிக்கலாம், நான் பொறுப்பு என்றேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் குடத்தை எடுக்கவில்லை.

பொன்னாத்தா அக்கா குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். எவர்சில்வர் சொம்பு ஒன்றைக் கழுவி நிரப்பி, என் முன்னால் நீட்டினார்.

"நீங்க குடிங்க அம்மணி."

சீட்டு என் இடது கையில் இருந்தது. வலது கை ஒரு நொடி எழவில்லை. ஒரு நொடிதான். ஆனால் அதை அவர் பார்த்துவிட்டார், குடியிருப்பு முழுக்கப் பார்த்தது. நான் நோட்டீஸ் ஒட்டும்வரை அந்தப் பழைய போர்த் தண்ணீரை ஒவ்வொரு நாளும் வாய்க்குக் கொண்டுபோன கைகள் எப்படித் தயங்கியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சொம்பை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மறுபடி குழாயில் பிடித்து, தானும் குடித்தார். அப்புறம்தான் குடங்கள் நகர்ந்தன.